பிவட் டேபிளில் காணாமல் போகும் வரிகளைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

ஒரு நூலகத்துக்கு மாதந்தோறும் இரவல் கணக்கு தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பிரிவில் எத்தனை நூல்கள் வெளியே போயின என்பதை ஒரு பிவட் டேபிளில் போட்டு அனுப்புவேன். பயண நூல்கள் என்று ஒரு பிரிவு அலமாரியில் இருந்தது. நான்கு மாதமாக அதை யாருமே தொடவில்லை. அந்த விஷயம் என் அறிக்கையில் எங்கும் தெரியவில்லை. 0 என்று ஒரு வரி இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். வரியே இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை. அதிலிருந்து, எந்தப் பிவட்டை எடுத்தாலும் அதில் எது விட்டுப்போயிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

பிவட் டேபிள் செய்கிற வேலை ஒன்றுதான். மூலத் தரவில் உள்ள வரிகளைப் படித்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, கூட்டியோ எண்ணியோ காட்டும். நடந்ததைத்தான் நாம் பதிவு செய்கிறோம். நடக்காததை யாரும் ஒரு வரியாக எழுதி வைப்பதில்லை. எழுதாத ஒன்று பிவட்டுக்குத் தெரியவும் வழியில்லை. ஆனால் அறிக்கையைப் படிப்பவருக்குப் பல நேரம் நடக்காததுதான் முக்கியமான செய்தி. விற்காத பொருள், யாரும் வராத நாள், புகாரே இல்லாத பிரிவு என்று இப்படி நிறைய சொல்லலாம்.

இதைச் சரிசெய்ய எக்செலில் இரண்டு மூன்று இடங்களில் அமைப்புகள் இருக்கின்றன. புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஓரிடத்தில் டிக் செய்துவிட்டு, எதுவும் மாறவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். காரணம், வெறுமை ஒரே வகையானது இல்லை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதலில் எந்த வெறுமை என்று பாருங்கள்

ஒரு சின்ன உதாரணம் வைத்துக்கொள்வோம். மூலத் தரவில் நான்கு நெடுவரிசைகள்: தேதி, பிரிவு, வாசகர் வகை, நூல்களின் எண்ணிக்கை. வாசகர் வகையில் சிறுவர், பெரியவர் என்று இரண்டுதான். பிரிவை வரிகளிலும், மாதத்தை நெடுவரிசைகளிலும், எண்ணிக்கையின் கூட்டுத்தொகையை மதிப்புப் பகுதியிலும் போட்டால் இப்படி வருகிறது:

| பிரிவு | ஜனவரி | பிப்ரவரி | மார்ச் | மே |
|---|---|---|---|---|
| அறிவியல் | 14 | 9 | 11 | 12 |
| கதை | 22 | 25 | 19 | 27 |
| கவிதை | 6 | 4 | | 5 |
| வரலாறு | 3 | | | |

இந்தச் சின்ன அட்டவணையிலேயே பல வகை இன்மைகள் இருக்கின்றன. கவிதையும் இருக்கிறது, மார்ச்சும் இருக்கிறது, ஆனால் இரண்டும் சந்திக்கும் கட்டம் வெறுமை. ஏப்ரல் என்ற நெடுவரிசையே இல்லை. அந்த மாதம் நூலகம் மூடியிருந்ததால் ஒரு பதிவும் இல்லை. பயணம் என்ற பிரிவும் இல்லை. அதை யாரும் எடுக்காததால் மூலத் தரவில் அந்தச் சொல்லே கிடையாது. இன்னும் ஒன்று மறைந்திருக்கிறது. வாசகர் வகையில் சிறுவரை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். வரலாற்று நூல்களை எடுத்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள் என்றால், வரலாறு என்ற வரி அப்படியே மறைந்துவிடும்.

உங்கள் அட்டவணையில் இவற்றில் எது நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு கை வையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

சந்திப்பில் விழும் வெற்றுக் கட்டம்

இது எளிது. எக்செலில் பிவட்டுக்குள் எங்காவது ரைட் கிளிக் செய்து 'பிவட் டேபிள் ஆப்ஷன்ஸ்' திறங்கள். 'லேஅவுட் அண்ட் ஃபார்மேட்' என்ற தாவலில் 'ஃபார் எம்ப்டி செல்ஸ் ஷோ' என்று ஒரு வரியும் பக்கத்தில் ஒரு பெட்டியும் இருக்கும். பெட்டியில் 0 என்று தட்டி ஓகே கொடுங்கள். வெறுமையாக இருந்த எல்லாக் கட்டங்களிலும் 0 வந்துவிடும். அந்த வரியின் முன்னால் உள்ள டிக்கை எடுத்துவிட்டாலும் 0 தான் வரும். டிக் இருந்து பெட்டி காலியாக இருக்கும்போது மட்டுமே கட்டம் வெறுமையாகத் தெரியும்.

ஆனால் 0 போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அந்தப் பெட்டியில் எந்தக் குறியை வேண்டுமானாலும் தரலாம். ஒரு சிறு கோடு போதும். எனக்குக் கோடுதான் பிடிக்கும், அதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் தவறுதலாக 2 நூல்கள் என்று பதிந்துவிட்டு, அதைத் திருத்த −2 என்று இன்னொரு வரி போடுகிறார் என்று வையுங்கள். பிவட்டில் கூட்டுத்தொகை 0. இந்த 0 க்குப் பின்னால் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. மார்ச் மாதக் கவிதைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெற்றுக் கட்டத்துக்கும் 0 போட்டுவிட்டால் இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. பதிவே இல்லாத இடத்தில் கோடும், பதிவுகள் சேர்ந்து பூஜ்யமான இடத்தில் 0 உம் இருந்தால் படிப்பவருக்கு வித்தியாசம் உடனே தெரியும். ஏற்கெனவே உள்ள ஒரு 0 எங்கிருந்து வந்தது என்று சந்தேகம் இருந்தால், அந்தக் கட்டத்தில் இரட்டைக் கிளிக் செய்யுங்கள். அதற்குப் பின்னால் உள்ள பதிவுகள் தனித் தாளில் திறக்கும்.

இன்மையும் பூஜ்யமும் ஒன்றே என்று நிச்சயமாகத் தெரிந்த கணக்குகளில் மட்டும் தாராளமாக 0 போடுங்கள். இரவல் கணக்கு அப்படிப்பட்டதுதான். வெப்பநிலை அளவீடு அப்படி இல்லை. அளக்காத நாளுக்கு 0 என்று எழுதினால் அது பொய்த் தகவல்.

வடிகட்டியதும் மறையும் வரி

சிறுவரை மட்டும் தேர்ந்தெடுத்ததும் வரலாறு போய்விட்டதே, அதற்கு மேலே சொன்ன அமைப்பு உதவாது. அது இருக்கிற கட்டத்தை நிரப்பும். இல்லாத வரியைக் கொண்டுவராது. இதற்கு இப்படிச் செய்யுங்கள்:

1. பிரிவுப் பெயர்களில் ஏதாவது ஒன்றின் மீது, உதாரணமாகக் கதை என்ற சொல்லின் மீது, ரைட் கிளிக் செய்யுங்கள். எண்களின் மீது செய்தால் வேறு மெனு வரும்.
2. 'ஃபீல்டு செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. 'லேஅவுட் அண்ட் பிரிண்ட்' தாவலுக்குப் போங்கள்.
4. 'ஷோ ஐட்டம்ஸ் வித் நோ டேட்டா' என்பதை டிக் செய்து ஓகே கொடுங்கள்.

வரலாறு திரும்ப வந்துவிடும். அதன் எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருக்கும். முன்னால் சொன்ன பெட்டியில் கோடோ 0 வோ கொடுத்திருந்தால் அது தெரியும். இரண்டு அமைப்புகளும் சேர்ந்தால்தான் முழு அட்டவணை கிடைக்கும்.

இந்த டிக் ஒரு ஃபீல்டுக்கு, அதாவது பிவட்டில் போட்ட ஒரு நெடுவரிசைக்கு, மட்டுமே பொருந்தும். பிரிவுக்குச் செய்தது மாதத்துக்குச் செல்லாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

வரிகள் நிலையாக நிற்பதில் இன்னொரு பலனும் உண்டு. பிவட்டில் உள்ள கட்டத்தை வேறொரு தாளிலிருந்து ஃபார்முலாவில் சுட்டும்போது, எக்செல் வழக்கமாக 'கெட் பிவட் டேட்டா' என்ற ஃபங்ஷனை எழுதிக்கொள்ளும். அடுத்த மாதம் அந்தப் பிரிவு பிவட்டிலிருந்து மறைந்துவிட்டால் அந்த ஃபார்முலா ரெஃப் (#REF!) பிழை காட்டும். கட்டத்தின் முகவரியை நேரடியாகத் தட்டியிருந்தால் இன்னும் மோசம். ஒரு வரி மறைந்ததும் கீழே உள்ளவை மேலே ஏறிவிடும், பிழையே காட்டாமல் தவறான எண் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. வரிப் பகுதியில் இரண்டு ஃபீல்டுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தால் இந்த டிக்கைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். பிரிவின் கீழ் நூலின் பெயரையும் வைத்திருக்கிறீர்கள், நூல் பெயருக்கு இதை டிக் செய்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு பிரிவின் கீழும் எல்லா நூல்களும் வரும். அறிவியல் நூல் கவிதையின் கீழும் நிற்கும். 4 பிரிவு, 200 நூல் என்றால் 800 வரிகள். எது எதற்குள் அடங்கும் என்று எக்செலுக்குத் தெரியாது; இருக்கிற பெயர்களை எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்து அடுக்கிவிடும். பிரிவு, வாசகர் வகை போல எதுவும் எதோடும் சேரக்கூடிய ஃபீல்டுகளுக்கு மட்டுமே இது நல்லது.

ஏப்ரல் எங்கே?

மூலத் தரவில் இல்லாததை பிவட் காட்டாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. தேதிகளை எக்செலிலேயே மாதவாரியாகத் தொகுத்திருந்தால், அதாவது தேதியின் மீது ரைட் கிளிக் செய்து 'குரூப்' கொடுத்து 'மந்த்ஸ்' தேர்ந்திருந்தால், ஆண்டுக்கு 12 மாதங்கள் உண்டு என்பது எக்செலுக்குத் தெரியும். மாத ஃபீல்டுக்கு 'ஷோ ஐட்டம்ஸ் வித் நோ டேட்டா' டிக் செய்தால் ஒரு பதிவும் இல்லாத ஏப்ரலும் வந்துவிடும். வரைபடம் போடுபவர்களுக்கு இது மிகவும் தேவை. ஏப்ரல் இல்லாமல் மார்ச்சும் மேயும் ஒட்டி நிற்கும் கோட்டுப்படம், இடையில் ஒரு மாதமே இல்லாதது போலக் காட்டிவிடும்.

கூடவே இரண்டு விருந்தாளிகளும் வருவார்கள். முதல் தேதிக்கு முந்தையது, கடைசித் தேதிக்குப் பிந்தையது என்று < , > குறிகளோடு இரண்டு உருப்படிகள் முளைக்கும். வடிகட்டி அம்புக்குறியைத் திறந்து அவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை உள்ள வெற்று மாதங்களையும் அப்படியே எடுத்துவிடத் தோன்றும். செய்யலாம், ஆனால் நினைவில் வையுங்கள்: ஜூன் பதிவுகள் வந்த பிறகும் அந்த மாதம் மறைந்தே இருக்கும், நீங்கள் திரும்பப் போய் டிக் செய்யும் வரை. மாதாமாதம் புதுப்பிக்கும் அறிக்கை என்றால் 12 மாதங்களையும் விட்டுவைப்பதே பாதுகாப்பு.

எண்களை இடைவெளிகளாகத் தொகுக்கும்போதும் இதே கதைதான். வயதை 0 முதல் 9 வரை, 10 முதல் 19 வரை என்று பத்துப் பத்தாகத் தொகுத்திருந்தால், யாருமே இல்லாத இடைவெளி மறைந்துபோகும். டிக் செய்தால் திரும்பும்.

மாதத்தின் பெயரை மூலத் தரவிலேயே ஒரு நெடுவரிசையாகத் தட்டி வைத்திருந்தால் இந்த வசதி கிடைக்காது. அப்போது 'ஏப்ரல்' என்பது எக்செலுக்கு வெறும் எழுத்துகள். அது அடுத்த பிரச்சினையைச் சேர்ந்தது.

மூலத்திலேயே இல்லாத பெயர்

பயண நூல்களுக்கு எந்த டிக்கும் உதவாது. அந்தப் பெயர் தரவில் ஓரிடத்திலாவது இருந்தாக வேண்டும். எளிய வழி, மூலத் தரவின் கடைசியில் நாமே ஒரு வரி சேர்ப்பது: அறிக்கைக் காலத்துக்குள் ஏதாவது ஒரு தேதி, பிரிவில் 'பயணம்', வாசகர் வகையில் ஏதாவது ஒன்று, எண்ணிக்கையில் 0. ரெஃப்ரெஷ் செய்ததும் பயணம் என்ற வரி வந்து நிற்கும். வரவில்லையென்றால் பிவட்டின் மூல எல்லைக்குள் அந்தப் புதிய வரி அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மூலத் தரவை ஆரம்பத்திலேயே எக்செல் டேபிளாக மாற்றி வைத்திருந்தால் எல்லை தானாகவே நீளும்.

எண்ணிக்கையில் 0 போடலாமா, வெறுமையாக விடலாமா என்பதில்தான் கவனம் வேண்டும். கூட்டுத்தொகை மட்டும் எடுப்பதாக இருந்தால் 0 எதையும் கெடுக்காது. 'கவுண்ட்' எடுத்தால் அந்த 0 வும் ஒரு பதிவாக எண்ணப்படும்; நடக்காத ஒன்று நடந்ததாக ஆகிவிடும். சராசரி எடுத்தால் இன்னும் சிக்கல். 6, 4, 5 என்ற மூன்று பதிவுகளின் சராசரி 5. அதோடு ஒரு 0 சேர்ந்தால் 3.75. ஆகவே கவுண்ட், சராசரி எடுக்கும் அறிக்கைகளில் எண்ணிக்கைக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அவை இரண்டும் வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தேதியை மட்டும் வெறுமையாக விடாதீர்கள். விட்டால் பிவட்டில் 'பிளாங்க்' என்று அடைப்புக்குறிக்குள் ஓர் உருப்படி முளைக்கும், பழைய பதிப்புகளில் தேதித் தொகுப்பே நடக்காது.

இப்படிச் சேர்த்த வரிகளைத் தனி நிறத்தில் வையுங்கள், அல்லது 'நிரப்பு வரி' என்று குறிப்பு நெடுவரிசையில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறப்பவர் அதை உண்மையான பதிவு என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொன்று, நிரப்பு வரியில் வாசகர் வகையைப் பெரியவர் என்று போட்டிருந்தால், சிறுவரை வடிகட்டும்போது பயணமும் மறையும். எனவே பிரிவு ஃபீல்டில் முன்பு சொன்ன டிக்கும் இருக்கட்டும்.

உண்மைத் தரவில் கை வைக்க மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எல்லாப் பிரிவுகளின் பெயரும் கொண்ட ஒரு தனிப் பட்டியலை உருவாக்கி, இரண்டையும் 'டேட்டா மாடல்' (பல அட்டவணைகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் எக்செல் வசதி) மூலம் இணைத்து, பிவட்டில் பிரிவுப் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வது. இந்த வகைப் பிவட்டில் ஃபீல்டு செட்டிங்ஸில் உள்ள டிக் வேலை செய்யாது. அதற்குப் பதிலாக 'பிவட் டேபிள் ஆப்ஷன்ஸ்' பெட்டியின் 'டிஸ்ப்ளே' தாவலில், வரிகளுக்கு ஒன்றும் நெடுவரிசைகளுக்கு ஒன்றுமாக இரண்டு டிக்குகள் இருக்கும். சாதாரணப் பிவட்டில் இவை மங்கிப்போய்க் கிடப்பதைப் பார்த்துப் பலர் குழம்பியிருப்பார்கள், அவை இதற்காகத்தான். ஆரம்பத்தில் கொஞ்சம் வேலை அதிகம். ஆனால் பிரிவுகள் அடிக்கடி மாறும் இடத்தில் இதுதான் சுத்தமான வழி என்பது என் கருத்து.

லிப்ரே ஆபிஸ், கூகுள் ஷீட்ஸ்

லிப்ரே ஆபிஸ் கால்க்கில் பிவட்டின் மீது ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, வரிப் பகுதியில் உள்ள ஃபீல்டின் பெயரை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். வரும் பெட்டியில் 'ஷோ ஐட்டம்ஸ் வித்தவுட் டேட்டா' என்ற டிக் இருக்கும். எக்செலில் உள்ளதைப் போலத்தான் இதுவும் வேலை செய்யும். தாளில் 0 என்ற எண்ணே தெரியவில்லையென்றால் 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', கால்க் பகுதியில் 'வியூ' என்று போய் 'ஜீரோ வேல்யூஸ்' டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூகுள் ஷீட்ஸில் நான் நிரப்பு வரிகளையே நம்புகிறேன். அந்த வழி எந்த மென்பொருளிலும் ஒரே மாதிரி நடக்கும்.

இன்னும் சரியாக வரவில்லையென்றால்

டிக் செய்ததும் எப்போதோ அழித்த பழைய பெயர்கள் எழுந்து வருகின்றனவா? 'கவிதை' என்பதை ஒரு காலத்தில் 'கவதை' என்று தவறாகத் தட்டித் திருத்தியிருப்பீர்கள். எக்செல் அதைத் தன் நினைவில் வைத்திருக்கும். 'பிவட் டேபிள் ஆப்ஷன்ஸ்' பெட்டியில் 'டேட்டா' தாவலுக்குப் போய், ஒவ்வொரு ஃபீல்டிலும் எத்தனை உருப்படிகளை வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 'நன்' (None) என்று மாற்றி ரெஃப்ரெஷ் செய்யுங்கள். பழையவை போய்விடும்.

0 கொடுத்தும் கட்டம் வெறுமையாகவே இருந்தால் தாளில் பூஜ்யங்கள் மறைக்கப்பட்டிருக்கலாம். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' என்று போய், அந்தத் தாளுக்கான பகுதியில் பூஜ்யத்தைக் காட்டும் டிக் இருக்கிறதா பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் எண் வடிவத்தைப் பாருங்கள். 0;-0;; என்று யாராவது வைத்திருந்தால் பூஜ்யம் தெரியாது.

எண்கள் எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியதாக இருந்தால் மதிப்பின் தலைப்பைப் படியுங்கள். கூட்டுத்தொகைக்குப் பதில் 'கவுண்ட்' என்று இருக்கக்கூடும். மூல நெடுவரிசையில் வெற்றுக் கட்டமோ எழுத்தோ கலந்திருந்தால் எக்செல் சில நேரம் தானாகவே கவுண்டுக்கு மாறிவிடும். எண்ணின் மீது ரைட் கிளிக் செய்து 'சம்மரைஸ் வேல்யூஸ் பை' என்பதில் 'சம்' என்று மாற்றினால் போதும்.

ஸ்லைசர் (பொத்தான்களை அழுத்தி வடிகட்டும் பெட்டி) பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதற்கென்று தனி அமைப்பு உண்டு. தரவு இல்லாத உருப்படிகள் மங்கலாகக் கடைசியில் நிற்பதுதான் அதன் இயல்பு. 'ஸ்லைசர் செட்டிங்ஸ்' திறந்தால், அவற்றைக் கடைசிக்குத் தள்ளாமல் தத்தம் இடத்திலேயே வைக்கலாம், அல்லது முழுவதும் மறைத்துவிடலாம்.

தலைகீழான தேவையும் வரும்: எல்லாப் பிரிவுகளும் வேண்டாம், பூஜ்யமானவற்றை நீக்கிக் காட்ட வேண்டும் என்பார்கள். பிரிவுத் தலைப்பின் அம்புக்குறியில் 'வேல்யூ ஃபில்டர்ஸ்', 'டஸ் நாட் ஈக்வல்' தேர்ந்து 0 கொடுத்தால் மொத்தம் 0 ஆக உள்ள வரிகள் ஒதுங்கிவிடும். மேலே ஒரு வரியில் 'இரவல் போகாத பிரிவுகள் சேர்க்கப்படவில்லை' என்று எழுதிவிட்டு அனுப்புங்கள்.